புளி போட்டுத் தேய்த்த காலணா

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த பேரன், ராட்டினத்தை விட என் தகர டப்பாவைத்தான் அதிகம் சுற்றி வந்தான். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே அறுபது வருஷச் சில்லறை. “தாத்தா, நானும் காசு சேர்க்கப் போறேன். முதல்ல என்ன செய்யணும்?” என்றான். “ஒண்ணும் செய்யாதே” என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

டப்பாவிலிருந்து ஒரு காலணாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட செப்புக் காசு. எங்கள் அப்பத்தா கொடுத்தது. கொடுத்தபோது புளியங்கொட்டை நிறத்தில், தொட்டால் வழவழவென்று இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கறுத்துக் கிடக்கிறதே என்று கொல்லைப்புறம் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு, கார்த்திகைக்கு விளக்குத் துலக்குவது போலத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். மழைக்காலம் வந்ததும் அங்கங்கே பச்சை பூத்தது. மறுபடி தேய்த்தேன். கம்பெனிச் சின்னத்துக்கு இரண்டு பக்கமும் கொடி பிடித்து நிற்கும் சிங்கங்களுக்கு இப்போது முகம் இல்லை. செம்பின் மேல் காலம் படியவைத்த கருமைதான் அதற்குத் தோல். அதை நான் உரித்துவிட்டேன்.

அப்பத்தா திட்டவில்லை. “நல்லா வெளக்கிட்ட. இப்பக் கடையில வாங்குவானா?” என்று மட்டும் கேட்டாள். நயா பைசா வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

அவள் சுருக்குப்பையில் இன்னொன்றும் இருந்தது. திருவிதாங்கூர் சக்கரம். வெள்ளிதான், ஆனால் சட்டைப் பித்தானில் பாதிகூட இருக்காது. அரை கிராமுக்கும் குறைவு. வெற்றிலைக் காம்போடு ஒட்டிக்கொண்டால் தேடி எடுக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு அது வெளிநாட்டுக் காசு இல்லை. கீழே கம்பத்தில் அணாவும் ரூபாயும், மேலே குமுளியைத் தாண்டினால் சக்கரமும் பணமும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது இருபத்தெட்டு சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் இருபத்தெட்டரை. ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போன, கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தாவுக்கு அந்த அரைச் சக்கரக் கணக்கு தலைகீழ்ப் பாடம். எனக்குத்தான் பேப்பரும் பென்சிலும் தேவைப்பட்டது.

இத்தனை சின்னக் காசை ஒவ்வொன்றாக எண்ணினால் விடிந்துவிடும். அதற்கென்றே ஒரு பலகை வைத்திருந்தார்கள். மரத்தில் வரிசை வரிசையாகக் குழி குடைந்திருக்கும். ஒரு பிடி சக்கரத்தை மேலே கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை சரி. பேரனுக்கு இது பிடித்துப்போய், மறுநாளே ஒரு தெர்மகோல் அட்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டான்.

நான் சொல்லிக்கொடுத்த மற்றதெல்லாம் சின்னச் சின்னதுதான். காசை விளிம்பில் பிடி. முகத்தில் விரல் வைக்காதே. மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், நாளாக நாளாகக் காசில் பச்சை ஏறும். காகித உறை போதும். கடைக்காரர் தரும் சில்லறையில் வருஷத்துக்குக் கீழே பார்: வைரக்கட்டி மாதிரி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. புலி போட்ட 1947 ஒரு ரூபாயை வெள்ளி என்று யாராவது நீட்டினால் காந்தத்தைக் காட்டு. அது நிக்கல், ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாமே என்று போனைக் காட்டினான். பணத்தைக் கட்டு, காசை வாங்கிக்கொள்கிறோம் என்று தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த வேலையை நம்பாதீர்கள் என ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிக்கை விட்டது. அரிசியை இழுக்கும் செம்பு, அனுமார் படம் போட்ட கம்பெனிக் காசு எல்லாம் இதே வகையறா. எங்கள் தெருவில் ஒருவர் அரிசி இழுக்கும் காசுக்காக ஒரு ஜோடி மாட்டை விற்றார். காசு அரிசியை இழுக்கவில்லை, மாட்டைத்தான் இழுத்துக்கொண்டு போனது.

நிஜமான பழசு இந்த மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரு குவியலாகக் கிடைத்தன. பின்பக்கம் மீன் மாதிரி ஒரு குறி இருப்பதால் பழைய பாண்டியர் காசு என்கிறார்கள் அறிஞர்கள். உழும்போது இப்படி ஏதும் கிடைத்தால் டப்பாவுக்குள் போடக்கூடாது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை பொறித்த செப்புக் காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற தமிழ் பிராமி எழுத்தைப் படித்துச் சொன்னதால்தான் சங்ககாலப் பாண்டியனுக்கு ஒரு காசு சாட்சியானது. என்னைப் போல ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் கையில் முதலில் சிக்கியிருந்தால் வழுதியும் போயிருப்பான், குதிரையும் போயிருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் பேரனை உட்காரவைத்து ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு எழுதிப் போடச் சொன்னேன்: என்ன காசு, யார் கொடுத்தது, எங்கே, எப்போது. சக்கரத்தின் உறைக்கு வந்தபோது, “எந்தத் தோட்டத்துக் கூலி, தாத்தா?” என்றான். கம்பமெட்டு வழியா, குமுளி வழியா, எந்த வருஷம் என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. அப்பத்தா தொண்ணூறு வயது வரை திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவே இல்லை.

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த உறையை எடுத்தான். அவனுடைய முதல் காசு, நட்சத்திரம் போட்ட இரண்டு ரூபாய். “கம்பம் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, மீதிச் சில்லறை, தாத்தா கூட” என்று எழுதி, தேதி போட்டான். கொஞ்சம் யோசித்து, “மழை” என்றும் சேர்த்துக்கொண்டான்.