நோயும் வீட்டுக் கணக்கும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பது மூத்தோர் சொல். வீட்டில் ஒருவர் நோயுற்றால், பார்க்க வருகின்ற எல்லாரும் இதைச் சொல்லிவிட்டே போகிறார்கள். ஆனால் கையிலே காசு முடைப்பட்டதும், சுவரை இடித்துச் சித்திரத்தைக் காப்பாற்ற முயல்கின்றவர்களே அதிகம். மருந்தைக் குறைப்பார்கள்; சீட்டுக்காசைக் குறைக்க மாட்டார்கள். அறையைச் சூடாக்கும் காஸை நிறுத்துவார்கள். கொண்டாட்ட வீட்டு அன்பளிப்பை நிறுத்த மாட்டார்கள்.

இலண்டனின் வடமேற்குப் பகுதியில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் அனுபவம் இதற்கு ஓர் உதாரணம். பெயர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையுடன், மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர்களே சொல்லச் சம்மதித்த விஷயம் இது.

கணவருக்கு வயது 52. ஒரு பெரிய பண்டகசாலையில் இரவு வேலை. மனைவி பாடசாலைச் சமையலறையில் அரைநேர வேலை செய்கிறார். மகனுக்கு 16 வயது, மகளுக்கு 10 வயது. 2024 நவம்பரில் ஓர் இரவு, பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. மாரடைப்பு என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களில் அடைப்பு இருந்தபடியால் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது.

இந்தச் சத்திரசிகிச்சையில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, பின்னர் கம்பியால் இணைத்துவிடுவார்கள். அந்த எலும்பு நன்றாகப் பொருந்த ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. கார் ஓட்டுவதற்கும் குறைந்தது நான்கு வாரம் தடை. பெட்டி தூக்குவதே தொழிலாக இருப்பவருக்கு இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அவர்களுடைய வரவு செலவு இதுதான். கணவரின் கைக்கு வந்த சம்பளம் மாதம் 2,150 பவுண். மனைவியின் சம்பளம் 750. பிள்ளைகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவு 184. மொத்தம் 3,084 பவுண். வீட்டுக்கடன் 1,050, கவுன்சில் வரி 185, காஸும் மின்சாரமும் 190, சாப்பாட்டுச் சாமான் 480, கார் 210, தொலைபேசிகளும் இணையமும் 90, தண்ணீர் 45, மகளின் நடன வகுப்பு 80, சீட்டு 300, ஊருக்கு 200, அன்பளிப்பும் கோயில் உபயமும் சில்லறையும் 120. மொத்தச் செலவு 2,950. வருவதும் போவதும் சரியாக இருந்த குடும்பம். சேமிப்பாக வங்கியில் 4,200 பவுண் இருந்தது.

கணவர் வேலைசெய்த நிறுவனம், சட்டப்படி கொடுக்க வேண்டிய நோய்க்காலக் கொடுப்பனவை மாத்திரமே கொடுப்பது. அது 2024-25 ஆம் ஆண்டில் வாரத்துக்கு 116 பவுண் 75 பென்ஸ். ஆகக்கூடியது 28 வாரம். மாதக் கணக்கில் பார்த்தால் 506 பவுண். 2,150 வந்த இடத்தில் 506! குடும்ப வரவு 1,440 ஆகக் குறைந்தது. மாதந்தோறும் 1,510 பவுண் துண்டு விழுந்தது.

இந்தக் கணக்கு மனைவிக்குத் தெரியாது. கலியாணம் செய்த நாள் தொடக்கம் கணக்கு வழக்கு முழுவதும் கணவர் கையில். வங்கிக் கடிதம் வந்தால் அவர்தான் உடைப்பார். ‘வேலைத்தலத்தில் சம்பளம் தருகிறார்கள்’ என்று மனைவிக்குச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரன் படுக்கையில் கிடந்தாலும் வீடு வழமைபோல நடந்தது என்று இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

நோயாளி வீடு திரும்பியதும் உற்றார் உறவினர் வந்தார்கள். அப்பிளும் முந்திரிகைப்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தல்களும் மேசையில் நிரம்பின. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது வழக்கமில்லையே! மனைவி வேலையால் வந்த கையோடு வடையும் ரோல்ஸும் பொரித்துத் தேநீர் கொடுத்தார். டிசம்பர் மாதத்தில் சாப்பாட்டுச் சாமான் செலவு குறையவில்லை, கூடியது. அன்போடு வந்தவர்கள்தாம், ஆனால் நோய் வீட்டின் செலவைக் கூட்டிவிட்டுப் போகிறோம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

சீட்டு வழமைபோலக் கட்டப்பட்டது. ஊருக்குக் காசு போனது. தைமாத உபயமும் நடந்தது. ஜனவரி முடியச் சேமிப்பில் 1,100 பவுண் அளவில்தான் மிச்சம்.

அந்த வாரத்தில் ஒருநாள், அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, குளிசைப் பெட்டிகளை எடுத்துப் பார்த்தார். கணவருக்கு ஐந்து வகைக் குளிசை. 28 நாட்களுக்கென்று வாங்கியது. நாட்கணக்குப்படி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் பாதி அப்படியே இருந்தது.

“இஞ்சேருங்கோப்பா, இந்தக் குளிசையெல்லாம் ஏன் மிஞ்சிக் கிடக்குது?”

கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ரெண்டு மாசத்துக்குக் காணும்.”

இங்கிலாந்தில் 2024 மே மாதத்திலிருந்து ஒரு மருந்துக்கு 9 பவுண் 90 பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. ஐந்து மருந்துக்கு 49 பவுண் 50 பென்ஸ். அறுபது வயதானவர்களுக்கும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் புற்றுநோயாளருக்கும் இக்கட்டணம் இல்லை. இருதய நோய்க்கு அந்தச் சலுகை கிடையாது. 300 பவுண் சீட்டைத் தவறாமல் கட்டியவர், இந்த 49 பவுணில் பாதியை மிச்சம் பிடித்திருந்தார்.

இதில் எத்தகைய ஆபத்து இருந்தது என்பதை அறிதல் வேண்டும். பைபாஸ் செய்தவருக்குக் கொடுக்கும் அஸ்பிரின் போன்ற மருந்துகள், புதிதாக இணைத்த குழாயில் இரத்தம் உறையாமல் காப்பவை. அவற்றை விட்டுவிட்டு எடுத்தால் அந்தக் குழாயே அடைபட இடமுண்டு. இருதயத் துடிப்பை அடக்கி வைக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த துடிப்பும் இரத்த அழுத்தமும் முன்னையிலும் வேகமாக எழும். காய்ச்சல் மாறியதும் குளிசையை நிறுத்துவதுபோல நிறுத்தக்கூடிய மருந்துகள் அல்ல இவை. 25 பவுணுக்காக அந்த மனிதர் பணயம் வைத்தது தம்முடைய உயிரை.

அவ்வளவுக்கும் அச்செலவைக் குறைக்க நேரான வழி இருந்தது. ஓர் ஆண்டுக்குரிய மருந்துக் கட்டணத்தை முற்பணமாகச் செலுத்திச் சான்றிதழ் பெறும் முறை ஒன்று உண்டு. அப்போது அதன் விலை 114 பவுண் 50 பென்ஸ். அதையும் வங்கி மூலம் பத்துத் தவணையாகக் கட்டலாம், தவணைக்கு 11 பவுண் 45 பென்ஸ். ஐந்து மருந்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 594 பவுண் கட்ட இருந்தவர் அந்தச் சான்றிதழோடு எத்தனை மருந்தும் எடுக்கலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மருந்துக்குக் கட்டணமே இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு வெட்கம்.

அன்றிரவு மனைவி மகளின் பழைய பள்ளிக்கொப்பி ஒன்றை எடுத்துவந்து சமையலறை மேசையில் வைத்தார். அழுது முடித்த பிறகுதான் வைத்தார். கோபிக்கவும் செய்தார்: “நீங்கள் இல்லாமல் இந்த வீட்டை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?” மகனையும் கூப்பிட்டு இருத்தினார்கள். கொப்பியில் மூன்று நிரை கீறப்பட்டது: தொடக்கூடாதவை, குறைக்கக்கூடியவை, நிறுத்தி வைக்கக்கூடியவை.

தொடக்கூடாதவற்றில் முதலில் மருந்து. அடுத்தது சாப்பாடு. மூன்றாவது, வீட்டுச் சூடு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்த அழுத்தம் ஏறும். இருதய நோயாளி இருக்கும் அறையைக் குளிரவிட்டு மிச்சம் பிடிக்கும் காசு மிச்சமல்ல. அடுத்து வீட்டுக்கடன், கவுன்சில் வரி, மின்சாரம். இவற்றைக் கட்டத் தவறினால் வீடு போகலாம், வழக்கு வரலாம், விளக்கு அணையலாம். மகளின் நடன வகுப்பையும் தாயார் இதிலேயே எழுதினார். தகப்பனின் நோய் பிள்ளைக்குத் தண்டனையாகத் தோன்றக் கூடாது என்பது அவர் நியாயம். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறேன் என்று மகன் சொன்னபோது, சோதனை முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று மறித்துவிட்டார்.

குறைக்கக்கூடியவற்றில் தொலைபேசிச் செலவு 90 இலிருந்து 45 ஆனது. கார்ச் செலவு 150. சாப்பாட்டுச் செலவு 430. ஆட்டிறைச்சியும் பொரியலும் குறைந்து பருப்பும் கீரையும் மீனும் கூடின, அது இருதயத்துக்கும் உகந்தது. அன்பளிப்பும் சில்லறையும் 30. கொண்டாட்டங்களுக்குப் போய் வாழ்த்திவிட்டு வருவது என்று தீர்மானம். அடுத்த ஆண்டு உபயத்தைப் பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு மறுநாளே தொலைபேசியில் சொன்னார்கள். 2023 ஜூனில் அரசாங்கமும் பெரும்பாலான வங்கிகளும் செய்த உடன்பாட்டின்படி, தவணை தவறாதவர்கள் ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டலாம். ஆகவே 1,050 பவுண் 640 ஆனது. கடன் குறையாது, பின்னர் கட்டுவது சற்றுக் கூடும் என்பதும் உண்மை. ஆனால் இந்தச் சலுகை தவணை தவறுவதற்கு முன்னர் கேட்டதால் கிடைத்தது.

நிறுத்தி வைப்பவற்றில் சீட்டும் ஊருக்கு அனுப்பும் காசும். கணவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இந்த நிரைதான். சீட்டு முறிந்தால் பேர் கெட்டுவிடும் என்று பயந்தார். அவர் இன்னும் எடுக்காத சீட்டு. சீட்டுக்காரர் மறுபேச்சின்றி அந்தப் பங்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். எடுத்துவிட்ட சீட்டாயின் அது கடன். அப்போதும் மறைக்காமல் முதலில் அவரிடம் சொல்லித் தவணை கேட்பதே முறை.

ஊரிலுள்ள தம்பியாருடன் பேசும்போது கணவரின் குரல் தழுதழுத்தது. மறுமுனையில் சிறிது மௌனம். பின்பு தம்பியார் சொன்னார்: “அண்ணை, காசை ஆர் கேட்டது? அம்மான்ரை மருந்துக்கு நான் பாக்கிறன். இவ்வளவு நாளும் எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?” பதில் சொல்ல அண்ணனால் முடியவில்லை.

செலவு 1,807 பவுணுக்கு இறங்கியது. இன்னும் 367 துண்டு விழுந்தது. மனைவி சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்குப் போனார். 1939 ஆம் ஆண்டு தொடக்கம் பொதுமக்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை கூறும் அமைப்பு அது. சேமிப்பு 16,000 பவுணுக்குக் குறைவான குடும்பமாதலால் யுனிவேர்சல் கிரெடிட் என்னும் அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வேலை செய்பவர்களும் பெறலாம், சொந்த வீடு இருப்பதும் தடையல்ல என்பதை அவர்கள் அன்றுதான் அறிந்தார்கள். பிச்சைக்காசு என்று கணவர் முதலில் மறுத்தார். இருபது ஆண்டுக்கு மேலாகச் சம்பளத்தில் வரி பிடித்துக் கொடுத்தவருக்கு இது எப்படிப் பிச்சையாகும் என்று மகன் கேட்ட கேள்விக்கு அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. முதற்பணம் வர ஐந்து வாரம் சென்றது. மாதம் 900 பவுணை ஒட்டி வந்தது. நவம்பரிலேயே விண்ணப்பித்திருந்தால் சேமிப்பின் பெரும்பகுதி தப்பியிருக்கும்.

கணக்கு வெளியே வந்ததும் மற்றொன்றும் வெளியே வந்தது. பெப்ரவரி நடுப்பகுதியில் பழைய இரவு வேலைக்கே திரும்ப அவர் யோசித்திருந்தார். குடும்ப வைத்தியர் அதற்கு இசையவில்லை. மருத்துவச் சான்றிதழில், வேலைக்குப் போகலாம் ஆனால் நேரத்தைக் குறைத்து, இலேசான வேலையாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதவும் இடமுண்டு. வைத்தியசாலை இலவசமாக நடத்தும் இருதய மறுவாழ்வு வகுப்பை முடித்துக்கொண்டு, ஏப்ரல் கடைசியில், நாளுக்கு நான்கு மணிநேரம், பாரம் தூக்காத பகல் வேலைக்குப் போனார். சம்பளம் கூடக்கூட உதவிப்பணம் குறைந்தது. வீட்டுக்கடனையும் மறுபடி முழுமையாகக் கட்டத் தொடங்கினார்கள்.

இங்கே கூறிய தொகைகள் அந்த ஆண்டுக்குரியவை. கொடுப்பனவுகளும் விதிகளும் ஆண்டுக்காண்டு, பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், மாறுபவை. அவ்வக்காலத்து நிலவரத்தைக் கேட்டறிந்து கொள்க. ஆனால் எதை முதலில் காப்பது, எதை முதலில் விடுவது என்ற ஒழுங்கு மாறுவதில்லை.

நோயாளி பார்க்கப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹோர்லிக்ஸ் போத்தல் வேண்டாம். ஒருநாள் மதியச் சோற்றைச் சமைத்துக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பாடசாலையில் இருந்து கூட்டிவந்து விடுங்கள். தேநீர் வேண்டாமென்று சொல்லிக் கால்மணி நேரத்தில் எழும்புங்கள். நெருங்கியவராயின் தனியே கூப்பிட்டு, “குளிசையெல்லாம் ஒழுங்காய் எடுக்கிறீங்களோ? காசுக்கு ஏதும் கஷ்டமோ?” என்று கேளுங்கள். அந்த வீட்டுக்கு டிசம்பரில் வந்த இத்தனை பேரில் ஒருவராவது அதைக் கேட்கவில்லை.

பள்ளிக்கொப்பி இப்போதும் அவர்களுடைய சமையலறை லாச்சியில் இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு கணவனும் மனைவியும் அதை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். வங்கிக் கடிதங்களை இப்போது மனைவியும் உடைக்கிறார். கணக்கு எழுதத் தொடங்குமுன் குளிசை அட்டைகளை மேசையில் வைத்து எண்ணுவது மகளின் வேலை.