மல்லாட்டை படிக்கப் போன கதை

எங்க பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. ஸ்ரீமுஷ்ணத்துல எனக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை. மார்கழிப் பட்டத்துக்கு அதுல மல்லாட்டை போடுறது அப்பா காலத்து வழக்கம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால தொடர்ந்து ரெண்டு பட்டம் அடி. செடி என்னமோ பச்சைப் பசேல்னு நிக்கும். புடுங்கிப் பார்த்தா பாதி பொக்கு. விருத்தாசலம் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை அப்படித்தான் சொல்லுவோம்) மூட்டையைக் கொண்டுபோனா, வியாபாரி ஒரு கை அள்ளி உடைச்சுப் பார்த்துட்டு அடுத்த குவியலுக்குப் போயிடுவார். அடகுக்குப் போன வீட்டுக்காரி வளையல் திரும்பவே இல்ல.

அதுவரைக்கும் எனக்கு வாத்தியார் உரக்கடைதான். ரெண்டு இலையைக் கிள்ளிக்கிட்டுப் போவேன், கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். எதுக்குன்னு கேட்டதில்ல. அவரைக் குத்தம் சொல்லல, அது அவர் வியாபாரம். பத்தாவது படிச்சவன் டப்பாவுல ஒட்டின சீட்டைக்கூடப் படிக்காம அடிச்சது யார் குத்தம்? எங்க அப்பா கைநாட்டு. அவரே சாயந்தரமானா திருச்சி வானொலியில விவசாய நிகழ்ச்சி கேட்பார். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’லுன்னே பேர் வந்த காலம் அது.

ஒருநாள் வீட்டுல கேட்டாங்க: "ஏங்க, வி.ஆர்.ஐ.ன்னு விருத்தாசலம் பேர் வச்ச விதையை வாங்கத் தெரியுது. அந்த ஊருக்குப் போய் ஒரு வார்த்தை கேக்கத் தெரியலியா?"

சுருக்குன்னு இருந்துச்சு. மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். மண்டல ஆராய்ச்சி நிலையத்துல இருந்த சார் என் கதையெல்லாம் கேட்டுட்டு, "மண்ணு கொண்டாந்தீங்களா?"ன்னார். இல்ல. அதுக்கே இன்னொரு நடை. ‘வி’ மாதிரி குழி வெட்டி, அரை அடி ஆழத்துக்குப் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்கணும். பல இடத்து மண்ணைக் கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வர்ற வரைக்கும் குறைக்கணும்.

அப்புறம் அவர் சொன்னதுலதான் எனக்குத் தூக்கம் போச்சு. மத்தச் சத்தெல்லாம் செடி வழியா காய்க்கு வந்துடும். சுண்ணாம்புச் சத்து மட்டும் இலையில இருந்து கீழ இறங்காது. மண்ணுக்குள்ள போன விழுதும் காயும் சுத்தியிருக்கிற மண்ணுல இருந்து தானே உறிஞ்சிக்கணும். அங்க இல்லேன்னா, மேல செடி எவ்வளவு செழிப்பா நின்னாலும் உள்ள பொக்குதான். நான் முப்பது வருஷமா இலையைப் பார்த்தே வைத்தியம் பண்ணியிருக்கேன்!

அடுத்த பட்டம் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், 40-45 நாளுக்குள்ள போட்டு மண் அணைச்சேன். அதுக்கு மேல செடிகிட்ட கொத்து போகக் கூடாது, விழுது அறுந்துடும். இதையும் முன்னெல்லாம் தப்பாத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். பொக்கு அறவே போகல. கிழக்கு மூலையில இன்னும் வருது, தண்ணி சரியாப் பாயல போல. ஆனா கமிட்டியில வியாபாரி என் குவியல்கிட்ட நின்னார்.

சென்னையில இருக்கிற அக்கா பையன் சொல்றான், "மாமா, எங்களுக்கு டிரெயினிங்குக்குக் கம்பெனியே அனுப்பும், சம்பளமும் உண்டு." எனக்கு பஸ் காசும் போச்சு, அன்னிக்குக் கூலியும் போச்சு. அனுப்பி வச்சது வீட்டுக்காரிதான்.

இப்ப மூணாவது நோட்டு ஓடுது. பாதிப் பக்கம் முந்திரி. பூக்குற நேரத்துல தேயிலைக் கொசு துளிரைக் கருக்குது. அடுத்த வாரம் கருகின கொத்து ஒண்ணை ஒடிச்சுக்கிட்டுப் போகணும்.