நைட் டூட்டி முடித்த கையோடு கோடியக்கரை

மார்ச் மாசம், வலசைப் பறவைகள் ஊர் திரும்புறதுக்குள்ள பார்த்துடணும்னு நண்பர்கள் நாலு பேர் கேரவன் வாடகைக்கு எடுத்துக் கோடியக்கரை கிளம்பினோம். நைட் டூட்டி முடிச்ச கையோட ஸ்டீயரிங் பிடிச்சது நான்.

நாகை தாண்டி ரெண்டு செகண்ட் கண் சொக்கிடுச்சு. பக்கத்துல இருந்தவன் கத்தலைன்னா இதை எழுத ஆள் இல்லை.

தூக்கம் வந்தா பாட்டு, ஜன்னல் காத்து எதையும் நம்பாதீங்க. வண்டியை ஓரங்கட்டி 20 நிமிஷம் தூங்குங்க. எங்க வண்டிக்குள்ளயே படுக்கை இருந்தது, அதுதான் கொடுமை!

உப்பளச் சேற்றில் கொசு உள்ளான்கள் விடாம கொத்திட்டிருந்தன. சாதாரணமா 30 கிராம்கூட வராத உடம்பு. ஆர்க்டிக் வரை பறக்கணும். தின்னு சேர்க்கிற கொழுப்புதான் வழிக்கு எரிபொருள். சேர்த்துக்கிட்டுத்தான் கிளம்பும்.

திரும்பும்போது நண்பன் ஓட்டினான். நான் பின்னாடி குறட்டை.