பூமிக்கு உள்ளே ஒரு கணக்கு



நம் பள்ளியில் படித்த ஒருவன் கடல் நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் வேலை பார்க்கிறான். "அங்கே அவனுக்கு என்ன வேலை சார்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பூமிக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் அவன் வேலை.

தகர டப்பாவில் மேலும் கீழுமாக மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றினோமே, நினைவிருக்கிறதா? அடி ஓட்டையில்தான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். அந்தப் பாடம்தான் இது.

பாறைக்குள் நுண்துளைகள் உண்டு. அவற்றில் நீரோ எண்ணெயோ வாயுவோ அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். துளை போடும்போது அது பீறிட்டு வராமலிருக்க, கனமான சேற்றுக் குழம்பைக் கிணறு முழுக்க நிரப்பி வைப்பார்கள். சேறு லேசாக இருந்தால் வாயு கிணற்றுக்குள் நுழையும். அதிகக் கனமாக இருந்தால் பாறையே விரிசல் விட்டுச் சேற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் சேற்றின் எடையை வைத்திருக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன்பே இதை எப்படி அறிவது? களிமண் ஆழத்தில் புதையப் புதைய, மேலுள்ள பாரம் அதன் நீரைப் பிழிந்துவிடும். மண் இறுகும், அதில் ஒலி வேகமாகப் போகும். நீர் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்டால், பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரே சுமக்கும். அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கும், ஒலியும் மெதுவாகவே போகும். ஒலியின் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணிக்கும் சூத்திரத்தை 1975இல் ஈட்டன் என்பவர் வெளியிட்டார். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ என்ற கிணறு. 20,200 அடி வரை தோண்டுவதாகத் திட்டம். போகப் போக அந்த இரண்டு எல்லைகளும் மிகவும் நெருங்கிவிட்டன. பாறை விரிசல் விட்டுச் சேற்றையும் இழுத்தது. 18,360 அடியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை சரி.

பிறகு அடியைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று அந்த அடைப்பு தாங்குகிறதா என்று சோதித்தார்கள். அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். ஒரு குழாயில் அது மறுபடி ஏறி, சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு காட்டியது. இன்னொரு குழாய் அமைதியாக இருந்ததால், ஏறிய அழுத்தத்துக்கு வேறு ஏதோ காரணம் சொல்லிச் சமாதானம் ஆனார்கள். மீதிச் சேற்றையும் எடுத்துவிட்டுக் கடல் நீரை நிரப்பினார்கள். அன்றிரவே வாயு மேலேறி மேடை வெடித்தது. 11 பேர் உயிரிழந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

இதைப் படித்துவிட்டு அவனிடம், "உனக்குப் பயமில்லையாப்பா?" என்று கேட்டேன். "பயம் இருக்கு சார். நான் போட்ட கணக்கைவிட மீட்டரைத்தான் நம்புவேன். சந்தேகம் வந்தா வேலையை நிறுத்தச் சொல்லிடுவேன்" என்றான். அவன் அம்மாவிடமும் இதைச் சொன்னேன். கொஞ்சம் நிம்மதியானார்.

ஆஸ்பத்திரியிலோ, பாங்கிலோ, மின்வாரியத்திலோ வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கும் இதுதான். நினைத்த விடை ஒன்று, கண்ணெதிரே தெரியும் அளவு வேறொன்று என்றால், சமாதானம் தேடாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.