காசித்தும்பையும் உம்மம்மாவும்

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒருநாள் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்தோம். சற்று நேரத்தில் தண்டினுள் நீர் ஏறும் வழி சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தது. பரீட்சைக்கு மட்டுமே உதவும் பாடம் என்று நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் உம்மம்மாவின் மார்பில் கட்டியொன்று இருப்பது தெரியவந்தது. வெட்கத்தால் நான்கு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய்தான் என்று உறுதியானதும், பரவியிருக்கிறதா எனப் பார்க்க சீ.டீ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் போனோம். வைத்தியர்களின் சிங்களம் தனக்கு விளங்காது என்று உம்மா என்னையும் கூட்டிச் சென்றார். இழுப்பு உண்டா, ஊசி மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதா, சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறாரா என்று கேட்டார்கள். சிறுநீரகத்துக்கான இரத்த அறிக்கையையும் பார்த்தார்கள். பர்தா ஊசிகளைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உம்மம்மா உள்ளே போனார்.

வெளியே வந்தவர் என் காதோடு, "மகள், மருந்து ஏறக்குள்ள உடம்பெல்லாம் சூடாகிச்சி. சிறுநீர் போன மாதிரி இருந்திச்சி. ஒளு முறிஞ்சிட்டோ?" என்றார். ஒன்றும் ஆகவில்லை. அந்த மருந்து பலருக்கும் அப்படித்தான் உணர்த்துமாம்.

அதிலுள்ள அயடீன் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால் இரத்தக் குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நிணநீர்க் கணுக்களைப் பிரித்தறியலாம். காசித்தும்பைதான் நினைவுக்கு வந்தது. புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலும் முதலில் தங்குவது அருகிலுள்ள கணுக்களில்தான். அவரைவிதை வடிவான கணுவின் குறுக்களவு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகிப்பார்கள். ஆனால், கிருமித் தொற்றாலும் கணு வீங்கலாம். சிறிய கணுவிலும் நோய் ஒளிந்திருக்கலாம். அதனால் ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதிப்பார்கள்.

உம்மம்மாவின் அக்குளில் ஒரு கணு வீங்கியிருந்தது. ஊசிச் சோதனையும் பரவலை உறுதிசெய்தது. நுரையீரலிலும் ஈரலிலும் எதுவும் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முதலில் மருந்து, பிறகு சத்திரசிகிச்சை என்று தீர்மானித்தார்கள். தலைமுடி கொட்டியது, இப்போது மெல்ல முளைக்கிறது.

பார்க்க வரும் பெண்களிடமெல்லாம் உம்மம்மா சொல்வது ஒன்றுதான்: "நான் நாலு மாசம் மறைச்சத அந்த மருந்து கொஞ்ச நேரத்தில காட்டிக் குடுத்திட்டு. நீங்க மறைக்காதீங்க புள்ள. கட்டி கண்டா அண்டைக்கே சொல்லுங்க."

சகோதரிகளே, இன்றிரவே உங்கள் உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.