தூர்ந்துபோன ஓடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:15-22



சென்ற ஆண்டு ஜனவரியில், மறைமலைநகரிலுள்ள எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். அன்றைய பாடம் ஏரிக்கரையில் நடந்தது.

நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர், வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. ஆகவேதான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரியை முதலில் காத்தவர்கள் உழவர்களே.

பிறகு, குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். மேட்டில் பெய்யும் மழை வரத்துக்கால் வழியே ஏரிக்கு வரும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரியைச் சேரும். இடையில் ஓர் இடம் அடைபட்டால் கீழே ஏரி வறளும்; மேலே தெருவில் வெள்ளம் நிற்கும்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, நம்ம சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற ஓடையும் வரத்துக்காலா?"

என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. ஆலயச் சுற்றுச்சுவர் கட்டியபோது மிஞ்சிய கல்லையும் மண்ணையும் அந்த ஓடையில்தான் கொட்டினோம். சம்மதம் தந்தவன் நான்.

"ஆமாம்மா. அதை அடைச்சது நாமதான்" என்றேன்.

ஆபிரகாமின் நாட்களில் வெட்டப்பட்ட துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்தார்கள். இப்பகுதியைப் பிரசங்கித்தபோதெல்லாம் நான் ஈசாக்கின் பக்கமே நின்றிருக்கிறேன். அன்றோ, மண் கொட்டியவர்களின் நடுவே என்னைக் கண்டேன்.

ஈசாக்கு அத்துரவுகளை மறுபடியும் தோண்டினான். தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றிற்கு இட்டான். நானும் சபைக் கமிட்டியில் என் தவற்றை அறிக்கையிட்டேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் வாலிபர்களோடு சேர்ந்து கற்களை அகற்றினோம். அந்த மாணவியும் தன் தகப்பனாரோடு வந்து மண் சுமந்தாள். வடகிழக்குப் பருவமழையில் ஓடையில் கணுக்காலளவு நீர் ஓடியது. சாலைக்கு அப்பால் இன்னும் அடைப்பு உண்டு; வேலை முடியவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக்கு அருகே மழைநீர் எவ்வழியே செல்கிறது? இவ்வாரம் ஒருமுறை நடந்து சென்று பாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அடைத்தவற்றை எங்கள் கைகளாலேயே திறக்கத் தாழ்மையும் பெலனும் தாரும். ஆமென்.