கார்புரேட்டரைக் கடைசியில் தொடு

களக்காட்டுக்கு மேற்கே சாலை அதிக தூரம் போகாது, மலை மறித்துக்கொள்ளும். 1988இல் இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவான களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அந்த மலையில்தான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பச்சையாறு வயலையும் வாழையையும் நனைத்துவிட்டுத் தாமிரபரணியில் சேர்கிறது. சேரன்மகாதேவி, நாங்குநேரி, திருக்குறுங்குடி என்று மற்றப் பக்கங்களுக்குச் சாலைகள் பிரிகின்றன. பஸ் உண்டு. ஆனால் விடியுமுன் தோட்டத்துக்குப் போகவும், வாழைத்தார் வெட்டுகிற ஆட்களைக் கூட்டிவரவும், ராத்திரியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடவும் வீட்டு வாசலில் ஒரு வண்டி வேண்டும். புது வண்டி வாங்க வசதியில்லாத வீடுகளில் 25 வயதைத் தாண்டிய மாருதி 800ம் ஆம்னியும் இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இந்தியக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விலகத் தொடங்கியது. அந்த இடத்துக்கு இன்ஜெக்‌ஷன் வந்தது. 1983 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாருதி 800இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடரும் அதே ஆண்டு நின்றது. தயாரிப்பு நின்றாலும் வண்டிகள் நிற்கவில்லை. அவற்றை ஓடவைக்கிற கைகளைப் பார்க்கத்தான் களக்காட்டில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழைய கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்தால் அதை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பையனாக இருந்தபோதே பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்து, அம்பாசடரிலும் பிரிமியர் பத்மினியிலும் கை பழகியவர். நான் போன நேரம் ஓர் உரக்கடைக்காரரின் மாருதி 800 வந்து நின்றது. லிட்டருக்குப் பதினொன்றுதான் கொடுக்கிறது என்பது அவர் குறை. நல்ல நிலையில் இருக்கிற கார்புரேட்டர் 800 நம்மூர்ச் சாலையில் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "எங்கன பெட்ரோல் போடுதிய? ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுதிய? வேற யாரும் எடுக்காவளா? டயர் மாத்துனியளா?" பதினொன்று என்ற கணக்கு எப்படி வந்தது என்று விசாரித்தார். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. அண்ணாச்சி அதை ஏற்கவில்லை. ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே பம்பில், டேங்க் நிரம்பித் தானாக நிற்கும்வரை போட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் வழக்கம்போல ஓட்டிவிட்டு, மறுபடி அதே பம்பில் அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். அளவு மாறிய டயர் போட்ட வண்டியில் மீட்டரே பொய் சொல்லும் என்பதால், நாங்குநேரி நாலுவழிச் சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்து அதையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார். வண்டி திரும்பி வந்தபோது எண் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இப்போது அது நம்பத்தக்க எண். அவருடைய நோட்டில் முதல் வரியாக அது ஏறியது.

"மைலேஜ் இல்லன்னு வந்தா எல்லாவனும் முதல்ல கார்புரேட்டரைத்தான் கழட்டுதான். அது கடைசில தொடவேண்டிய சாமான் தம்பி" என்றார் என்னிடம்.

முதலில் தொட்டது சக்கரத்தை. சமதரையில் கியரை நியூட்ரலில் போட்டு, ஒற்றை ஆளாக வண்டியைத் தள்ளிப் பார்த்தார். "தள்ளுனா போகணும். போகலன்னா அதையும் பெட்ரோல்தான் தள்ளிக்கிட்டு இருக்கு." ஜாக்கி ஏற்றி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றியபோது இடது முன்சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் காலிப்பரின் பின் துருவேறி இறுகியிருந்ததால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அதைக் கழற்றித் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினான் உதவிக்கு நிற்கும் பையன். டயர்களில் காற்று குறைந்திருந்தது; அதையும் நிரப்பியாயிற்று.

அடுத்து எஞ்சின் சூடு. வண்டியை வெகுநேரம் ஓடவிட்டும் சூட்டு முள் பாதிக்கு ஏறவில்லை. தண்ணீர்க் குழாய் சேரும் மூடியைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. நம்மூர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று யாரோ எப்போதோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தெற்கே பல ஊர்களில் இந்தப் பழக்கம் உண்டு. தண்ணீர் ஏறக்குறைய 82 டிகிரிக்கு வந்த பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடுவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, துளியாகவே சிலிண்டருக்குள் போய் எரியாமல் வெளியேறும். ஆயிலும் கெட்டியாகவே இருந்து இழுக்கும். எஞ்சின் கொதிக்கிற வண்டியில் ரேடியேட்டரையும் மின்விசிறியையும் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை எடுப்பது வைத்தியம் ஆகாது. புதிது ஒன்று வாங்கி மாட்டச் செய்தார்.

பிறகு டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை முகர்ந்தார். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயஃப்ரம் கிழிந்து உள்ளே கசிகிறது என்று பொருள். இதில் வாடை இல்லை. ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தூரப் போட்டார். செம்மண் புழுதி அடைத்திருந்தது. சோக் நாபை உள்ளே தள்ளிவிட்டு மேலே எட்டிப் பார்த்தால் சோக் தகடு முழுதாகத் திறக்கவில்லை. கேபிள் வளைந்து பாதியில் சிக்கியிருந்தது. காலையில் இழுத்த சோக் பகல் முழுதும் கால்வாசி மூடியே இருந்திருக்கிறது. பெட்ரோல் போன வழிகளில் இதுவும் ஒன்று.

நான்காவதாக நெருப்பு. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று சிலிண்டருக்கு மூன்று. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். பிஸ்கட் நிறம் சரி. மூன்றும் கரி. இடைவெளி மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்ததால் புதிது வாங்கி 0.7இல் வைத்தார். அடுத்து அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரில் வாக்குவம் அட்வான்ஸுக்குப் போகிற ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்தார். டயஃப்ரம் நன்றாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்திருக்கும், மெதுவாக எரியும். அதனால் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அதைச் செய்வது இந்த டயஃப்ரம். இது கிழிந்தாலும் வண்டி நிற்காது, சத்தம் வராது, ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. பெட்ரோல் மட்டும் தினமும் கூடுதலாகப் போகும். விலையுயர்ந்த கருவி கண்டுபிடிக்கிற இந்தக் கோளாறை அவர் நாக்கு நொடியில் சொன்னது.

டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, டைமிங் லைட்டைப் பிடித்துப் பொறி நேரத்தைச் சரிசெய்தார். "இனி அதைத் தொடலாம்" என்றார். பையனிடம், "ஏலே, பத்து பன்னெண்டு ஸ்பேனரைக் கொண்டா" என்றார்.

கார்புரேட்டருக்குள் மந்திரம் எதுவும் இல்லை. பிஸ்டன் இழுக்கிற காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவு மிதவை அறையிலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கும். சுத்தமான பெட்ரோலாக இருந்தால் 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. கணினி இல்லை, சென்சார் இல்லை. துளையின் அளவும் பெட்ரோல் நிற்கும் மட்டமும்தான் கணக்கைக் காப்பாற்றுகின்றன. மாருதி கார்புரேட்டரில் மிதவை அறையின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் அதன் நடுப்புள்ளிக்கு நிற்க வேண்டும். இதில் புள்ளிக்கு மேலே நின்றது. ஊசி வால்வின் கூர்முனையில் தேய்ந்த வளையம் விழுந்திருந்தது. மட்டம் ஏறினால் எல்லா வேகத்திலும் கலவை செறிவாகும்.

மெயின் ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தார். துளையின் ஓரத்தில் கீறல். "கம்பி விட்டுக் குத்தியிருக்கான்" என்றபோது அவர் குரலில் கோபம் இருந்தது. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி அதைச் சுரண்டும். எத்தனை சுரண்டும் என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் துளை 1.05 ஆனால் அதன் பரப்பு பத்து சதவீதம் கூடும். தலைமுடி அளவுகூட இல்லாத அந்த வித்தியாசம் வழிநெடுகப் பெட்ரோலைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. ஜெட்டைக் கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட்டும் ஊசி வால்வும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட் களக்காட்டில் கிடைக்காது. திருநெல்வேலி ஜங்ஷனில் தேடுவார்கள். அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்குச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவத் தொடங்கி, 2025இல் நாடு முழுதும் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் சக்தி. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட கார்களில் மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. புது வண்டியின் கணினி கலவையைத் தானே திருத்திக்கொள்ளும், கார்புரேட்டரால் முடியாது. இ20க்கு வேண்டிய காற்று 14.7இலிருந்து ஏறக்குறைய 13.5 ஆகக் குறைவதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலியும். வண்டி திணறும், பிக்கப் விழும்; ஓட்டுகிறவர் இன்னும் அழுத்தி மிதிப்பார் அல்லது சோக்கை இழுத்துக்கொள்வார். அண்ணாச்சி புது ஜெட்டைப் போட்டு ஓட்டி, பிளக் நிறம் வெளுக்கிறதா என்று பார்த்து, வெளுத்தால் மட்டும் அடுத்த எண் ஜெட்டுக்குப் போகிறார். ஒரு மில்லிமீட்டர் துளைக்கு நூறில் நான்கு பங்கு கூடினால் கணக்கு நேராகிவிடும். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதவைக்கும் என்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிகளை டேங்க் நிரப்பி வைக்கச் சொல்கிறார். குழாய்களைப் புது வகைக்கு மாற்றச் சொல்கிறார்.

ஓட்டுகிறவரின் காலுக்கும் பங்குண்டு. ஆக்ஸிலேட்டரை அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பம்ப் பெட்ரோலைப் பச்சையாகத் தொண்டைக்குள் பீய்ச்சும். காலை ஆட்டிக்கொண்டே ஓட்டினால் அது பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஓங்கி மிதித்தால் மாருதி கார்புரேட்டரின் இரண்டாவது தொண்டையும் திறக்கும். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பெட்ரோல் குழாயில் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை போன்றவற்றை அண்ணாச்சி கடைக்குள் அனுமதிப்பதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டுவது ஒன்றுகூட இல்லை என்று கண்டிருக்கிறது.

எல்லாம் முடிந்து, அதே பம்பில் நிரப்பி, அதே சாலையில் ஓட்டிய உரக்கடைக்காரருக்குக் கிடைத்தது பதினைந்துக்குச் சற்று மேல். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் இது ஏறக்குறைய ஒரு லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம். அண்ணாச்சி வாங்கிய கூலி அந்த ஒரு மாத மிச்சத்துக்கும் குறைவு. இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். பார்ட்ஸ் மாற்றுவதற்குத் தயங்காமல் பணம் கொடுக்கிற நாம், எதை மாற்றத் தேவையில்லை என்று கண்டுசொல்கிற நேரத்துக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். உதவிக்கு நிற்கும் அந்தப் பையன் பைக் இன்ஜெக்‌ஷன் வேலைக்குப் போக விரும்புவதற்கும் அதுதான் காரணம்.

அண்ணாச்சியின் நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஜெட் எண், பிளக் நிறம், முன்னும் பின்னும் மைலேஜ் எழுதியிருக்கிறது. இ20க்குப் பிறகு எந்த வண்டி எந்த ஜெட்டில் நின்றது என்ற அனுபவம் எந்தப் பழைய கம்பெனி மேனுவலிலும் இருக்க வழியில்லை. இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் இருக்கிறது. திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களிலிருந்து மோட்டார் பிரிவு மாணவர்கள் இந்தக் கடைகளுக்கு வந்து உட்கார வேண்டும். இந்தக் கணக்குகளைப் படியெடுத்து, சோதித்து, தமிழில் ஒரு கையேடாக்க வேண்டும். உறிஞ்சிப் பார்க்கிற நாக்கும் ஆயிலை முகர்கிற மூக்கும் ஓய்வதற்குள் அது நடக்க வேண்டும்.

வாசலில் பழைய கார்புரேட்டர் வண்டி நிற்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி ஓர் எண்ணோடு போங்கள். அந்த எண்ணைக் கேட்காமலே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கேட்கிறவர் கிடைத்துவிட்டால் அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.